தட்டில் மறைந்த கொழுப்பு

போன மாதம் ஒரு நாள் ராத்திரி அக்கா போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "கடல் பூஞ்சையிலிருந்து உடம்பு இளைக்க மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களாமே, நீ பார்க்கிற வேலைதானே அது? எப்போ கடைக்கு வரும்?" என்று கேட்டாள். யாரோ அவளுக்கு ஒரு செய்தியை அனுப்பியிருந்தார்கள். நீலக் கடல் படம், அதன் மேல் ஒரு மாத்திரை, கீழே நான்கு வரி. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பொய் என்று சுட்டிக்காட்ட அதில் எதுவும் இல்லை. ஆனால் அதை நம்பி ஒருவர் காத்திருக்க ஆரம்பித்துவிட்டால், அந்த ஏமாற்றம் எந்தப் பொய்யையும் விட அதிகமாக வலிக்கும். "நாளைக்குச் சொல்றேன்க்கா" என்று வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு 14 வயதிலிருந்தே உடம்பு கனம். வாயைக் கட்டியிருக்கிறாள், வருடக்கணக்கில் விடிகாலையில் எழுந்து நடந்திருக்கிறாள், ஒரு தடவை 11 கிலோ குறைந்து அடுத்த ஒன்றரை வருடத்தில் 13 கிலோ ஏறினாள். அதற்குள் எத்தனை அறிவுரை! பார்க்கிறவர்கள் எல்லாரும் அவள் சாப்பாட்டுத் தட்டைத்தான் பார்த்தார்கள். பசியை மூளை எப்படிக் கணக்குப் போடுகிறது, இளைத்த உடம்பு பழைய எடைக்குத் திரும்ப எப்படி மல்லுக்கட்டுகிறது என்பதெல்லாம் இன்று நன்றாகத் தெரிந்த விஷயம். 1994இல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தபோதே, உடம்பிலுள்ள கொழுப்பு மூளையோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகத்தில் எட்டில் ஒருவர் உடல் பருமனோடு வாழ்ந்தார். அத்தனை பேருக்கும் மன உறுதி இல்லை என்று ஒருவர் சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவளுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல மனம் வராததால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே போகும்.

நான் வேலை பார்ப்பது கடல் பூஞ்சைகளை வளர்த்து, அவை சுரக்கும் பொருள்களைப் பிரித்தெடுக்கும் ஓர் ஆய்வகத்தில். கடலில் பூஞ்சையா என்று கேட்காதவர்கள் குறைவு. ரொட்டியில் பூக்கிறதே, ஈரச் சுவரில் படர்கிறதே, அதே இனத்தார்தான். அலையில் ஒதுங்கும் மரக்கட்டை, கடற்பாசி, பவளம், கடற்பஞ்சு, அலையாத்தி மரத்தின் வேர், நண்டின் ஓடு, ஆழ்கடல் சேறு என்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஜப்பான் கடல் தரைக்குக் கீழே சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்தில் துளையிட்டு எடுத்த நிலக்கரிப் படிவிலிருந்துகூட உயிருள்ள பூஞ்சையை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். 2015இல் வெளியான ஒரு வகைப்பாட்டில் 1,112 கடல் பூஞ்சை இனங்கள் பட்டியலிடப்பட்டன; கடலின் பரப்பை நினைத்தால் இது ரொம்பச் சின்ன எண்.

இவற்றில் இரண்டு சாதி உண்டு. கடலிலேயே முளைத்து, கடலிலேயே வித்து விட்டு, கடலை விட்டு வெளியே வராதவை ஒன்று. இன்னொன்று, தரையிலிருந்து ஆறு வழியாகவும் காற்று வழியாகவும் வந்து சேர்ந்து, உப்பைத் தாங்கிப் பழகி அங்கேயே குடித்தனம் போட்டவை. மருந்துக்காக ஆராயப்படும் பொருள்களில் பெரும்பங்கு இரண்டாவது சாதியிலிருந்துதான் வந்திருக்கிறது, அதிலும் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் என்ற இரண்டு பேரினங்கள்தான் எங்கும் தலைகாட்டும். அவை சீக்கிரம் வளரும், சொன்ன பேச்சு கேட்கும். முதல் சாதியை ஆய்வகத் தட்டில் வளர்க்க மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆகவே "கடல் பூஞ்சை" என்று செய்தியில் வரும்போது, பல சமயம் அது தோட்டத்து மண்ணிலும் கிடைக்கக்கூடிய ஓர் இனம், இந்தத் தடவை கடலில் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

அதனால் அது மதிப்பில்லாதது ஆகிவிடாது. உப்பு, அழுத்தம், வெளிச்சமின்மை, சுற்றிலும் பாக்டீரியாக் கூட்டம் என்ற சூழலில் ஒரு பூஞ்சை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஒரு பூஞ்சையின் மரபணுத் தொகுதியில் வேதிப்பொருள் செய்யும் மரபணுக் கொத்துகள் 50க்கு மேல்கூட இருக்கலாம். ஆய்வகத்தின் வழக்கமான வளர்ப்புக் கலவையில் வளர்த்தால் அவற்றில் பெரும்பாலானவை தூங்கும். உப்பைக் கூட்டினால் ஒன்று விழிக்கும், அரிசியில் வளர்த்தால் வேறொன்று, பக்கத்தில் ஒரு பாக்டீரியாவைக் குடிவைத்தால் மற்றொன்று. ஒரே பூஞ்சையைப் பத்து விதமாக வளர்த்துப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. ஒரு மரத்துண்டைக் கிருமி நீக்கிய கடல்நீரில் மூன்று தடவை அலசி, நறுக்கி, அகர் என்ற கெட்டிக் கூழின் மேல் வைத்துவிட்டுக் காத்திருப்போம். நான்காம் நாள் வெள்ளையாக ஒரு பனிப்படலம். எட்டாம் நாள் நடுவில் பச்சை. பன்னிரண்டாம் நாள் சில பெனிசிலியங்களின் மேல் பொன்னிறத்தில் துளித்துளியாக வியர்த்து நிற்கும், ஒவ்வொரு துளியும் கடுகளவு. அந்தத் துளிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் பிழைப்பு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைப் பார்க்கும்போது கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பேன்.

கடலும் பூஞ்சையும் மருந்தும் சேர்ந்த கதை ஒன்று முன்பே உண்டு. 1945இல் சார்டினியாத் தீவின் கால்யாரி நகரத்தில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜுசெப்பே ப்ரோட்சு ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்டு ஆபிரகாமும் கை நியூட்டனும் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்ற பொருளைப் பிரித்தார்கள். இன்று மருத்துவமனைகளில் ஊசியாகப் போடப்படும் ஆன்டிபயாடிக் குடும்பம் ஒன்று முழுக்க அங்கிருந்து வந்தது. சாக்கடை வாயில் எடுத்த ஒரு கோப்பைத் தண்ணீர். எனக்கு மனம் சோர்கிற நாளில் இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, கொழுப்புக்கு வருவோம். நுண்ணுயிர்களுக்குக் கொழுப்பைத் தொடும் வித்தை தெரியும் என்பதில் சந்தேகமே இல்லை. எடை குறைக்க இன்று விற்பனையில் இருக்கும் ஆர்லிஸ்டாட் மருந்து, ஸ்ட்ரெப்டோமைசிஸ் டாக்சிட்ரிசினி என்ற மண் பாக்டீரியா செய்யும் லிப்ஸ்டாட்டின் என்ற பொருளிலிருந்து வந்தது. அது கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் நொதியின் வாயைப் பூட்டிவிடும். கொழுப்பு உடைபடாது, சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதம் உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியேறும். வெளியேறும் விதம்தான் சிக்கல்: எண்ணெய்க் கசிவு, அடக்க முடியாத அவசரம். அக்கா அதைச் சாப்பிட்டுப் பார்த்து, மூன்றாவது வாரம் வெளியூர்ப் பயணம் ஒன்றுக்குப் பயந்து நிறுத்திவிட்டாள்.

அப்புறம் கொலஸ்ட்ரால். அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1973இல் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையிலிருந்து காம்பாக்டினைக் கண்டுபிடித்தார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளில் முதலாவது அதுதான். இந்தக் கதையில் என்னை நிறுத்திவைக்கும் இடம் ஒன்று உண்டு. எலிக்குக் கொடுத்தபோது எலியின் கொலஸ்ட்ரால் குறையவில்லை. அங்கேயே ஆய்வை நிறுத்தியிருக்கலாம். முட்டையிடும் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குறைந்தது. நாய்க்கும் குறைந்தது. ஒரு விலங்கில் பலிக்காதது இன்னொன்றில் பலிக்கும், ஒன்றில் பலித்தது மனிதனிடம் பலிக்காமலும் போகும். பெனிசிலியம் சிட்ரினம் கடல் மாதிரிகளிலும் அடிக்கடி வருகிற இனம். அதன் பச்சையைத் தட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோழிகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

அக்கா வாசித்த செய்திக்கு அடியில் இருக்கும் சோதனை என்ன என்பதை இனி சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1970களில் ஹோவர்டு க்ரீனின் ஆய்வகத்தில், எலிக் கருவிலிருந்து எடுத்த செல்களில் ஒரு வகை, தானாகக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதைப் பார்த்தார்கள். 3டி3-எல்1 என்று பெயர். உலகம் முழுவதும் உடல் பருமன் ஆராய்ச்சியின் முதல் படி பெரும்பாலும் இந்தச் செல்தான். தட்டின் குழிகளில் செல்களை நெருக்கமாக வளர விடுவோம். தட்டு நிறைந்து இரண்டு நாள் கழித்து கொழுப்பு செல்லாக மாறத் தூண்டும் இன்சுலின், டெக்சாமெதசோன், ஐபிஎம்எக்ஸ் மூன்றையும் கலந்து கொடுப்போம். எட்டுப் பத்து நாளில், கதிர் போல நீண்டிருந்த செல்கள் உருண்டு திரண்டு, உள்ளே எண்ணெய்த் துளிகள் கண்ணாடி மணி மாதிரி மின்னும். ஆயில் ரெட் ஓ என்ற சாயத்தை ஊற்றிக் கழுவினால் துளிகள் மட்டும் செக்கச்செவேலென்று நிற்கும். பூஞ்சைச் சாற்றைச் சேர்த்த குழியில் சிவப்பு மங்கலாக இருந்தால் அங்கே கொழுப்பு சேரவில்லை என்று அர்த்தம். சாயத்தை ஐசோபுரோபனாலில் கரைத்து, 510 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் எண்ணாகவே கிடைத்துவிடும்.

இந்த எண்தான் பல கைகள் மாறி, "உடல் பருமனைக் குறைக்கும் கடல் பூஞ்சை" ஆகிறது.

நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு மிதவைக் கட்டையிலிருந்து ஆஸ்பெர்ஜில்லஸ் ஒன்றைப் பிரித்தேன். எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் சாறெடுத்து, ஆவியாக்கி, கடைசியில் குடுவையின் அடியில் பழுப்பு நிறத்தில் பாகு போல ஒட்டிக்கொண்டு நின்றது ஒரு விரல் நுனி அளவு. அதைச் செல்களுக்குக் கொடுத்தேன். சாயம் போட்ட அன்று தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மேல் வரிசை குங்குமமாகச் சிவந்திருந்தது. கீழ் வரிசை, என் சாறு போன வரிசை, வெளிறிப்போய் இருந்தது. இரண்டு தடவை திரும்பச் செய்தேன், அதே முடிவு. அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லிவிட்டேன், அதுதான் இன்று வரைக்கும் எனக்கு உறுத்துகிறது.

செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையை நான் அதற்குப் பிறகுதான் செய்தேன். அதில் ஒரு மஞ்சள் உப்பைக் கொடுப்போம், உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும். என் குழிகளில் ஊதா பாதிக்கும் குறைவு. கொழுப்பு சேராததற்குக் காரணம், சேர்ப்பதற்கு ஆளில்லை. சாற்றைப் பிரித்து, மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை அளவியில் போட்டபோது 326 என்று ஒரு உச்சி எழுந்தது. கிளியோடாக்சின். பூஞ்சை ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் நுரையீரலைப் பிடிக்கும் அதே இனம், அதன் நன்கு தெரிந்த நஞ்சுதான் என் கண்டுபிடிப்பு. அதை மருந்தென்று நினைத்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்தக் கட்டுரை வந்தாலும் முதலில் தேடுவது அந்த ஊதா எண்ணைத்தான். எந்தச் செறிவில் கொழுப்பு குறைந்தது, எந்தச் செறிவில் செல் செத்தது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இடைவெளி இல்லாவிட்டால் நான் மேலே வாசிப்பதில்லை. இன்னொரு தந்திரமும் உண்டு. சில பொருள்கள் தண்ணீரில் கரையாமல் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாகி, எதிரே வரும் நொதி எதுவானாலும் தங்கள் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். சோதனையில் அது "நொதியைத் தடுத்துவிட்டது" என்று காட்டும். துளி சோப்பு மாதிரியான ஒன்றைச் சேர்த்தால் அந்தத் தடுப்பு மாயமாகிவிடும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வெளிவரும் முடிவுகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்த வரியை நம்பி அடுத்த மாணவர் மூன்று வருடம் செலவழிப்பார்.

சரி, செல் சாகவில்லை, கொழுப்பு மட்டும் சேரவில்லை, எல்லாச் சோதனையும் ஒழுங்காக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதுவாவது நமக்கு வேண்டியதுதானா? இந்தக் கேள்வியை யோசிக்க எனக்கு வருடங்கள் பிடித்தன. 3டி3-எல்1 சோதனை காட்டுவது, புதிதாக ஒரு கொழுப்பு செல் உருவாவதைத் தடுக்க முடியும் என்பதை. ஆனால் வளர்ந்த மனிதரின் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது என்று 2008இல் காட்டினார்கள். எடை கூடும்போது பெரும்பாலும் இருக்கிற செல்கள்தான் ஊதுகின்றன. புதுச் செல் பிறப்பதை மட்டும் நிறுத்திவிட்டால், அக்காவிடம் ஏற்கெனவே இருக்கும் செல்களுக்கு என்ன ஆகும்?

அதற்கும் மேலே ஒன்று. பிறவியிலேயே கொழுப்பு செல்கள் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு, அரிதான நோய் அது. அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதில்லை. தங்க இடம் இல்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்க் குவிகிறது, இன்சுலின் வேலை செய்யாமல் கடுமையான நீரிழிவு வருகிறது. மறுபக்கம், பயோகிளிட்டசோன் போன்ற நீரிழிவு மாத்திரைகள் கொழுப்பு செல் உருவாவதைத் தூண்டுபவை. எடை ஏறும், ஆனாலும் சர்க்கரை குறையும். கொழுப்பு செல் நல்ல பாத்திரம் மாதிரி. வழிகிறதென்று பாத்திரத்தை உடைத்தால் எண்ணெய் தரையில்தான் ஓடும். ஆக, தட்டில் சிவப்பு மங்கியது நல்ல சேதியா கெட்ட சேதியா என்பதே முழு விலங்கில் பார்த்த பிறகுதான் தெரியும். அந்த விலங்கின் கல்லீரலை வெட்டிப் பார்க்காமல் எடையை மட்டும் சொல்லும் முடிவை நான் பாதி முடிவாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இதனால்தான் பலர் கொழுப்பு செல்லை விட்டுவிட்டு, இன்சுலினும் லெப்டினும் பேசும் தந்திக் கம்பியைக் கவனிக்கிறார்கள். அந்தக் கம்பியில் சத்தத்தைக் குறைத்துவிடும் நொதி ஒன்று உண்டு, பிடிபி1பி என்று பெயர். 1999இல் அந்த நொதியின் மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். கொழுப்பான தீனி போட்டும் அவை கொழுக்கவில்லை, இன்சுலினுக்கும் நன்றாகச் செவிசாய்த்தன. உடனே உலகமெங்கும் அந்த நொதியை அடக்கும் பொருளைத் தேட ஆரம்பித்தார்கள், கடல் பூஞ்சைகளும் அந்த வலையில் விழுந்தன. கொரியக் கடலோரச் சேற்றிலிருந்து கிடைத்த காஸ்மோஸ்போரா என்ற பூஞ்சையிலிருந்து அக்வாஸ்டாட்டின் ஏ என்ற பொருள் வந்தது, வெறும் 0.19 மைக்ரோமோலார் செறிவில் அந்த நொதியின் வேகத்தைப் பாதியாக்கியது. மத்தியதரைக் கடலின் ஆழச் சேற்றில் கிடைத்த ஆஸ்பெர்ஜில்லஸ் சிடோவியையிலிருந்து ஆஸ்பெரென்டின் பி. அதற்குச் சுமார் 2 மைக்ரோமோலார் போதும். கரீபியன் கடலில் விசிறிப் பவளங்களை நோயாக்கிக் கொல்வதும் இதே சிடோவியை இனம்தான். பவளத்துக்கு எமன், நமக்கு ஒருவேளை மருந்து.

0.19 என்பது அழகான எண். நானும் அதைப் பார்த்து மயங்கியிருக்கிறேன். ஆனால் அக்வாஸ்டாட்டின் முதன்முதலில் வெளிவந்தது 1993இல், வேறொரு பூஞ்சையிலிருந்து. அப்போது அது விலங்குச் செல்களின் சோடியம் பம்பு மாதிரியான நொதிகளை அடக்கும் பொருளாக அறிமுகமானது. நம் நரம்பும் இதயமும் ஓடுவதே அந்தப் பம்பால். ஒரு சாவி இரண்டு வீட்டைத் திறக்கும் என்றால், எந்த வீட்டுக்குள் போகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தவிர, பிடிபி1பி நொதியின் வாய் மின்னேற்றம் மிகுந்தது, அதில் பொருந்தும் பொருளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அப்படிப்பட்டது செல்லின் எண்ணெய்ச் சவ்வைக் கடந்து உள்ளே போகத் திணறும். அதன் உடன்பிறப்பு நொதிகளும் கிட்டத்தட்ட அதே முகம். கால் நூற்றாண்டு ஆகியும் இந்த நொதியைக் குறிவைத்த ஒரு மாத்திரைகூட உடல் பருமனுக்காக அனுமதி பெற்று வரவில்லை.

பூஞ்சையிலிருந்து வந்து, மனிதர்கள் வரைக்கும் போய், நிஜமாகவே எடையைக் குறைத்த பொருளும் ஒன்று இருக்கிறது. அது வந்தது நான் சொன்ன அந்த ஃபியூமிகேட்டஸிலிருந்து, என் கட்டையில் நஞ்சாக வந்த அதே இனம். மண்ணிலும் மக்கும் குப்பையிலும் கடற்பஞ்சிலும் சேற்றிலும் இருக்கும். 1949இல் அதிலிருந்து ஃபியூமாகிலின் பிரிக்கப்பட்டது. அமீபா நோய்க்கும், தேனீக்களின் நோசிமா நோய்க்கும் அதைப் பயன்படுத்தினார்கள். பல வருடம் கழித்து, ஜூடா ஃபோக்மனின் ஆய்வகத்தில் ரத்தக்குழாய்ச் செல்களை வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை தொற்றியது. டொனால்டு இங்பர் அந்தத் தட்டைக் குப்பையில் போடாமல் பார்த்தார், பூஞ்சைக்குப் பக்கத்தில் இருந்த செல்கள் சுருண்டிருந்தன. அந்தச் சுருளுக்குக் காரணம் ஃபியூமாகிலின் என்று 1990இல் எழுதினார்கள். கெட்டுப்போன தட்டைத் தூக்கியெறியும் முன் ஒரு நிமிடம் பார்க்கும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் வந்தது.

ரத்தக்குழாயைத் தடுத்தால் புற்றுநோய்க் கட்டி வாடும் என்று ஆரம்பித்த வேலை அது. கொழுப்புத் திசுவுக்கும் ரத்தக்குழாய் வேண்டுமே என்று கொழுத்த எலிகளுக்குக் கொடுத்தார்கள், எலிகள் இளைத்தன. பிறகு ஃபியூமாகிலினைத் திருத்தி பெலோரனிப் என்ற மருந்தைச் செய்தார்கள். ரத்தக்குழாயைத் தொடாத சின்ன அளவிலேயே எடை குறைந்தது. மெட்ஏபி2 என்ற நொதியை அடக்கி, பசியையும் கொழுப்பு எரியும் விதத்தையும் மாற்றுகிறது என்று புரிந்தது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு ஊசியாகக் கொடுத்த ஒரு சோதனையில், அதிக அளவு பெற்றவர்கள் 12 வாரத்தில் சராசரியாக 10.9 கிலோ குறைந்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத ஊசி போடப்பட்டவர்கள் அரைக் கிலோகூடக் குறையவில்லை. அடுத்ததாக, பிராடர்-வில்லி நோய் உள்ளவர்களிடம் சோதித்தார்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காத பிறவி நோய் அது, வீட்டில் அலமாரியையும் குளிர்பெட்டியையும் பூட்டிவைக்க வேண்டிய அளவுக்கு. அந்தக் குடும்பங்களுக்கு இது எப்படிப்பட்ட நம்பிக்கையாக இருந்திருக்கும். 2015இல் மருந்து பெற்ற இருவர், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார்கள். சோதனை நிறுத்தப்பட்டது, 2016இல் மருந்தையே கைவிட்டார்கள்.

இந்தக் கதையை நான் அடிக்கடி திரும்பப் படிக்கிறேன். நஞ்சு, தேனீ மருந்து, கெட்டுப்போன தட்டு, எலி, 10.9 கிலோ, இரண்டு மரணம். எடை குறைப்பு மருந்துகளின் வரலாறு முழுக்க இப்படித்தான் இருந்திருக்கிறது. 1930களில் டைநைட்ரோஃபீனால் கொடுத்தார்கள். உடம்பின் எரிபொருளை வெறும் வெப்பமாக்கிவிடும் பொருள் அது, எடை கிடுகிடுவென்று இறங்கியது, கண்ணில் புரை விழுந்தது, சிலர் காய்ச்சலேறி உள்ளேயே வெந்து செத்தார்கள். ஃபென்ஃபுளூரமின் இதய வால்வைக் கெடுத்து 1997இல் போனது. ரிமோனபன்ட் மனச்சோர்வுக்குத் தள்ளியது, சிபுட்ரமின் 2010இல் இதயப் பாதிப்பால் நின்றது, லோர்காசெரின் 2020இல் புற்றுநோய்ச் சந்தேகத்தால். ஒவ்வொன்றையும் யாரோ ஒரு அக்கா நம்பிச் சாப்பிட்டிருக்கிறாள். மாத்திரை மட்டுமில்லை, "இயற்கையானது" என்ற அட்டையோடு வரும் தூள்களும் எனக்குப் பயம்தான். கிளியோடாக்சினும் இயற்கைதான்.

இப்போது எடை குறைக்கும் ஊசிகளாகச் செமாகுளூடைடு வந்திருக்கிறது, டிர்செபடைடு வந்திருக்கிறது. செமாகுளூடைடின் பெரிய சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது, டிர்செபடைடில் அதைவிட அதிகம். இந்த மருந்துக் குடும்பத்தின் முதல் ஆள் கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் எச்சில் நஞ்சிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போது, சேற்றில் தேடும் எங்கள் வேலைக்கு ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றும். இவ்வளவு நல்ல மருந்து இருக்கும்போது இன்னும் எதற்குத் தேடல் என்று கேட்கலாம். நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது, குமட்டல் தாங்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள், வேறு வழியில் வேலை செய்யும் ஒன்று கூடவே இருந்தால் சின்ன அளவில் கொடுக்கலாம். இவையெல்லாம் நல்ல காரணங்கள்.

பூஞ்சைக்கு இன்னொரு பெரிய வசதி உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கடலில் கிடைக்கும் அருமையான பொருள்கள் பலவற்றின் தலைவலி, போதுமான அளவு கிடைக்காதது. 1986இல் ஹாலிகாண்ட்ரின் பி என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருளை எடுக்க 600 கிலோ கடற்பஞ்சை அள்ளி, கிடைத்தது 12.5 மில்லிகிராம். கடலைச் சுரண்டித்தான் மருந்து செய்ய வேண்டுமென்றால் அது நடக்காத காரியம். பூஞ்சை அப்படியில்லை. ஒரு தடவை கடலில் ஒரு சிட்டிகைச் சேறு எடுத்தால் போதும், அப்புறம் கண்ணாடிக் குடுவையில் சர்க்கரையும் உப்பும் கொடுத்து வேண்டிய மட்டும் வளர்க்கலாம். மைனஸ் 80 டிகிரியில் தூங்கவைத்து, பத்து வருடம் கழித்து எழுப்பலாம், என்றாலும் சில சமயம் எழுந்ததும் பழைய பொருளைச் செய்ய மறந்துவிடும். அந்த மறதியோடு மல்லாடுவது தனிக் கதை.

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டேன். "பத்து வருஷத்துக்குள்ள வரும்னு என்னால சொல்ல முடியாதுக்கா. இப்போ கடல் பூஞ்சையில இருக்கிறதெல்லாம் தட்டிலயும் எலியிலயும்தான் இருக்கு. அந்தப் பேர்ல எதாவது விற்க வந்தா வாங்காதே" என்றேன். டாக்டரிடம் போய் இப்போது இருக்கும் ஊசிகள் அவளுக்குப் பொருந்துமா என்று கேட்கச் சொன்னேன். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கட்டையில கிடைச்சதுன்னு அன்னிக்குச் சொன்னியே, அது என்ன ஆச்சு?" என்றாள். இத்தனை வருடம் அவள் அதை நினைவில் வைத்திருந்திருக்கிறாள். விஷம் என்று சொன்னேன். ஊதா நிறத்தைப் பற்றியும் சொன்னேன், முழுக்கக் கேட்டாள்.

இப்போது என் மேஜையில் இருப்பது ஓர் அலையாத்தி வேரிலிருந்து வந்த பெனிசிலியம், பதினோராம் நாள். விளிம்பு வெள்ளை, நடுவில் சாம்பல் பச்சை, நேற்றிலிருந்து அகருக்கு அடியில் ஒரு மஞ்சள் பரவ ஆரம்பித்திருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை சாறெடுப்பேன். முதல் தட்டு உயிர்ச் சோதனைக்கு, ஊதாவுக்கு. சிவப்பை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.